கூற்றுவன் கொடியனோ?
கதைகளில் வானவரும் நிரயத்தலைவரும் பெறும் புதுக்கோலம்

பல சமயத்தாரும் போற்றும் வானவரையும், அவர் அஞ்சும் நிரயத்தலைவரையும் கதைமாந்தராக்கிப் புதுக்கோலம் புனைந்து காட்டுதல் இக்காலத்துப் புனைகதைகளிலும் திரைப்படங்களிலும் சித்திரக்கதைகளிலும் பெருவழக்காயிற்று. யமன் நகைப்பிற்குரியவனாக வருகின்றான். தேவதூதன் ஐயுற்றுத் தடுமாறுகின்றான். நரகத்தரசன் தன் அரசினைத் துறந்து செல்கின்றான். இவற்றைக் கண்ட சைவ அன்பர் சிலர், 'இது தெய்வநிந்தையாகாதோ?' என வினவுகின்றனர். வேறு சிலர், 'கதைதானே. அதனால் வருங் குற்றம் யாது?' என்கின்றனர். இவ்விரு திறத்தார் உரையும் அளவுகோலின்றி நிகழ்வன. சித்தாந்த சாத்திரங்கொண்டு நோக்குமிடத்து, இவ்வகைக் கதைகளில் குற்றமாவது இது, ஆகாதது இது என வரையறுத்தல் கூடும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

1. கூற்றுவன் பதியல்லன், பசு

சித்தாந்தத்தில் பொருள் பதி, பசு, பாசம் என மூன்றாம். இவற்றுள் வானவர் எப்பொருளின்பாற்படுவர் எனின், பசுவின்பாற்படுவர் என்க. இந்திரன் முதலாயினார் தாம் செய்த நல்வினைப் பயனால் அப்பதங்களை எய்தினோர். அப்பயன் தேய்ந்தவழி மீளப் பிறப்பிற்கு வருவோர். கூற்றுவனும் தென்றிசைக்காவல் என்னும் பதவியில் இருத்தப்பட்டவனேயன்றித் தனக்கெனச் சுதந்திரமுடைய முதல்வனல்லன். உடலையும் உயிரையும் கூறுபடுத்தலின் அவன் கூற்றுவன் எனப்பட்டான் என்பர் பெரியோர். கூறுபடுத்தல் அவன் தொழில். அத்தொழிலை ஏவும் ஆணை இறைவனது.

இதனைத் தலவரலாறுகள் இனிது விளக்குகின்றன. திருக்கடவூரில் மார்க்கண்டேயர்மேற் பாசம் வீசிய காலன், தன் பதவியின் எல்லையைக் கடந்தமையால் இறைவன் திருவடியால் உதையுண்டான். ஆயினும் அவன் வரலாறு அத்துடன் முடிந்திலது. இறப்பின்மையாற் பெருகிய உயிர்களின் பொறையாற்றாது நிலமகள் முறையிட, இறைவன் அவனை எழுப்பி மீண்டும் அதிகாரம் நல்கினான் எனத் திருப்பைஞ்ஞீலித் தலவரலாறு கூறும். ஸ்ரீவாஞ்சியத்திலோ அவனுக்குத் தனிச் சந்நிதியே உண்டு. இறைவனைச் சுமக்கும் ஊர்தியாம் பேற்றினையும் அங்கே பெற்றான் என்ப. அப்பரடிகள் காலபாசத் திருக்குறுந்தொகையில் யமதூதரை முன்னிலைப்படுத்தி, அடியாரிருக்குமிடத்தை அணுகாதொழிக எனப் பணிக்கின்றார். மேலோன் ஆணை இன்னதென அறிந்து ஒழுகவேண்டிய ஏவலாளரிடத்துப் பேசும் பேச்சே அது. பகைவரோடு பேசும் பேச்சன்று.

இவற்றாற் பெறப்படுவது யாது? கூற்றுவன் பிழைபடக்கூடியவன், திருத்தப்படவுங் கூடியவன், திருத்தப்பட்டபின் தொண்டனாகவும் நிற்பவன். ஆகவே, யமன் தவறிழைத்ததாகவோ நாணித் தலைகுனிந்ததாகவோ ஒரு கதையாசிரியன் புனைவானாயின், அஃது ஒன்றுகொண்டே அவனை நிந்தகன் எனத் தள்ளுதல் முறையன்று. பதியை இழித்துரைத்தல் வேறு. பதவியிலுள்ள பசுவின் குறையைக் காட்டுதல் வேறு.

2. பண்டையோரும் புதுக்கோலம் புனைந்தனர்

இவ்வகை மாற்றம் இன்று தோன்றியதென்று கருதற்க. வேதத்தின் பழைய பகுதிகளில் யமன் ஒறுப்பவனாகக் காணப்படுவானல்லன். இறந்தோர் செல்லும் நெறியை முதற்கண் கண்டு அவர்க்குத் தலைவனாயினோனாகவே காணப்படுகின்றான். கடோபநிடதத்தில் நசிகேதன் என்னுஞ் சிறுவனுக்கு ஆன்மவித்தையை அறிவுறுத்தும் ஆசானாக விளங்குகின்றான். புராணங்களிலோ கணக்கர் புடைசூழ நீதி வழங்குந் தருமராசனாக அமர்கின்றான்.

தமிழ்ச் சான்றோரும் அவனை எதிர்நின்று கடிந்துரைத்ததுண்டு. கிள்ளிவளவன் இறந்தபோது ஆவடுதுறை மாசாத்தனார் பாடிய புறநானூற்றுச் செய்யுள், விதைநெல்லைச் சமைத்துண்ட உழவனைப்போற் கூற்றம் அறிவிழந்தது என்னுங் கருத்தினது. போர்க்களத்திற் கூற்றத்திற்கு உணவு மிகுவித்த வேந்தனையே அக்கூற்றம் உண்டதாதலின், அதனைப் பேதையென்கின்றார் புலவர். இதனை நிந்தையெனக் கொண்டார் ஒருவருமிலர்.

அச்சந் தரும் வடிவமே அருள்வடிவாதலும் நம் மரபில் உண்டு. காரைக்காலம்மையார் தம் எழில் நீக்கிப் பேய்வடிவினை வேண்டிப் பெற்றார். பேயென்றால் தீயது என்னும் உலகவழக்கினை அவ்வொரு வரலாறே மாற்றிவிட்டது.

யமன் நாடு கடந்துஞ் சென்றான். பௌத்தர்வழியே சீனத்திற் புக்கு ஆங்கு யென்லோ எனவும், யப்பானில் எம்மா எனவும் பெயர் பெற்று நிரயத்து நீதிபதியாயினான். 16 ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மேற்றிசைப் பயணம்' என்னுஞ் சீனப் பெருங்கதையில், மாயக் குரங்கொன்று அவன் மன்றிற் புகுந்து இறப்புக் கணக்கேட்டினின்று தன் பெயரைத் தானே அடித்துவிடுகின்றது. சித்திரகுத்தன் ஏட்டைப்பற்றி நம் நாட்டில் வழங்கும் நகைக்கதைகளுக்கு அஃதோர் உடன்பிறப்புப் போலும்.

3. 'வானவர்' என்னுஞ் சொல்

பிற சமயத்து வானவர் தமிழிற் புகுந்தபோது அவர்க்கு வாய்த்த சொற்களை ஆராய்தல் பயனுடைத்து. வீரமாமுனிவர் 1726 இல் இயற்றிய தேம்பாவணியிலும், உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்திலும் இறைத்தூதர்களுக்கு 'வானவர்' முதலிய நம் பழஞ்சொற்களே ஆளப்பட்டன. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. நம் நூல்களில் வானவர் வினைப்பயன் துய்க்கும் உயிர்கள். இசுலாமியர் கொள்கையில் அன்னோர் ஒளியாற் படைக்கப்பட்டோர். இறையாணையை மீறும் இயல்பே இல்லாதோர். ஆணையை மீறிய இப்லீசு 'ஜின்' என்னும் வேறினத்தவன் எனக் குர்ஆன் கூறும். கிறித்தவர் கொள்கையிலோ வானவருள் ஒருசாரார் செருக்கால் வீழ்ந்து அலகைகளாயினர்.

இவ்வேறுபாடறியாதார், யமனையும் சாத்தானையும் ஒருவனெனக் கொண்டு மயங்குகின்றனர். சாத்தான் இறைவனுக்கு மாறுபட்ட கலகக்காரன். யமன் இறையாணையின்வழி நிற்கும் நீதிபதி. கிறித்தவ மறையின்படி நோக்கினும், சாத்தான் இறுதியில் நரகில் ஒறுக்கப்படுவோனேயன்றி ஆங்கு ஒறுக்கும் அரசனல்லன். இசுலாத்தில் நரகினைக் காப்போன் மாலிக் என்னும் பணிவுடைய வானவன். யமனுக்கு ஒப்புக் கூறவேண்டின் மாலிக்கினையும், உயிரைக் கைக்கொள்ளும் வானவனாகிய மலக்குல்மவுத்தினையுமே கூறல் தகும். கதையெழுதுவோர் யமனுக்குச் சாத்தான் குணத்தை ஏற்றுங்கால், அவன் கோலத்தோடு அவன் தொழிலின் தன்மையும் மாறிவிடுகின்றது.

4. பிறர் தெய்வங்களை நடத்தும் நெறிகள்

ஒரு சமயத்துப் புலவன் மற்றொரு சமயத்துத் தெய்வத்தைத் தன் நூலுட் கொணர்ந்து வைக்கும் நெறி மூவகைப்படும்.

அவற்றுள் ஒன்று, பிறர் தெய்வத்தைப் பேயாக்கல். ஆங்கிலப் புலவர் மில்டன் 1667 இல் வெளியிட்ட 'இழந்த துறக்கம்' என்னுங் காப்பியத்தின் முதற்காண்டத்தில், மோலோக்கு, தாகோன், எகிப்தியரின் ஓசிரிசு முதலிய அயனாட்டுத் தெய்வங்கள் யாவும் வீழ்ந்த வானவரே என வரிசைப்படுத்துகின்றார்.

மற்றொன்று, பிறர் தெய்வத்தைத் தன் சமயவுலகில் ஒரு பணியில் அமர்த்தல். இத்தாலியப் பெரும்புலவர் தாந்தே தம் கிறித்தவ நரகத்திலே, கிரேக்கரின் ஓடக்காரன் காரோனையும், நீதிபதி மினோசையும் அவரவர் பழந்தொழிலிலேயே வைத்தார்.

பிறிதொன்று, தெய்வம் என்பதே மக்கள் புனைந்த வேடம் எனக் காட்டல். அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் செலாசுனி 1967 இல் எழுதிய 'ஒளியின் தலைவன்' என்னுங் கதையில், வேற்றுக்கோளிற் குடியேறிய மாந்தர் கருவிகளின் ஆற்றலால் இந்துதெய்வங்களின் பெயர்தாங்கி ஆள்கின்றனர். யமனும் அவருள் ஒருவன்.

சித்தாந்தத்தின் நெறி இவற்றுள் இரண்டாவதற்கு அணித்தெனினும் அதனினும் விரிந்தது. எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயனளிப்பவன் சிவபெருமானே என்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் நிறுவிய முடிபு. அத்தெய்வங்கள் பிறந்து இறந்து துன்புற்று வினைசெய்வனவாதலின், தாமே பயனளிக்கமாட்டா என்பது அவர் காட்டும் ஏது. இதன்கண் பிறர் தெய்வம் பேயாகவில்லை, பொய்வேடமாகவுமில்லை. அதற்குரிய படியில் வைத்து மதிக்கப்பட்டது. பிற சமயத்து வானவரைக் கதையிற் கொணரும் சைவன் பின்பற்றற்குரியது இந்நெறியே.

5. தமிழ்ப் புனைகதையும் திரைப்படமும்

திருப்பாதிரிப்புலியூரில் 1906 இற் பிறந்து 1948 இல் மறைந்த புதுமைப்பித்தன், 'காலனும் கிழவியும்' என்னுஞ் சிறுகதையில், காலனே நேரில் வந்து ஒரு கிழவியிடம் சொல்லாடித் தோற்று மீள்வதாகப் புனைந்தார். நின்னால் ஒன்றை வேறொன்றாக மாற்றவியலுமேயன்றி அழிக்கவியலாது என்னுங் கருத்துப்பட அக்கிழவி அவனை மடக்குகின்றாள். படிப்பறியா அக்கிழவி கூறியது யாது? உள்ளது அழிதலும் இல்லது தோன்றலும் இல்லை என்னும் சற்காரியவாதமே. காலனை எள்ளுவதுபோற் றோன்றும் அக்கதை, சங்காரமாவது முற்றழிவன்று, ஒடுக்கமே என்னும் நம் முடிபினைத் தன்னை அறியாமலே உரைத்துவிடுகின்றது.

திரைப்படத்தார் வழி வேறு. 'எமனுக்கு எமன்' (1980), 'அதிசயப் பிறவி' (1990), 'லக்கி மேன்' (1995) முதலிய படங்களில் யமனுலகம் ஓர் அரசாங்க அலுவலகமாகின்றது. காலம் வாராமுன்னே ஆள்மாறி உயிர் கவரப்படுகின்றது. கணக்கேடு மண்ணில் வீழ்ந்து மாந்தர் கைப்படுகின்றது. இந்நகைச்சுவையின் உள்ளே ஒரு நியாயமுண்டு. மண்ணுலகத்து அதிகாரிகளால் அலைக்கழிக்கப்பட்ட மக்கள், விண்ணுலக அதிகாரியைக் கண்டு சிரித்து ஆறுகின்றனர். ஆயினும், கணக்குத் தவறும் என்பதே நிலைத்த கருத்தாய் மனத்திற் பதியுமாயின், வினைக்குப் பயன் தப்பாது என்னும் உணர்வு தளர்கின்றது. பதவியாளன் பிழைப்பன், வினைப்பயனை ஊட்டும் முதல்வன் பிழையான். சிரிப்பவர் இவ்விரண்டினையும் பிரித்தறிந்து சிரித்தல் வேண்டும்.

6. ஒறுத்தல் அருளாமாறு

இனி, இப்பொருளில் மிக ஆழ்ந்ததோர் வினாவினை எழுப்புங் கதையொன்று உண்டு. நீல் கெய்மன் என்பார் எழுதி 1989 முதல் வெளிவந்த 'சாண்ட்மேன்' என்னும் ஆங்கிலச் சித்திரக்கதையை ஓர் இளைஞர் கொணர்ந்து எமக்குக் காட்டினார். அதன் ஒரு பகுதியில் நரகத்தரசன் தன் பதவியை வெறுத்து, வாயிலைப் பூட்டித் திறவுகோலைப் பிறரிடம் ஒப்புவித்துச் செல்கின்றான். பல நாட்டுத் தெய்வங்களும் அத்திறவுகோலை வேண்டி வருகின்றனர். முடிவில் வானவர் இருவர் நரகத்தை ஏற்கின்றனர். அவருள் ஒருவர், 'இனி யாம் ஒறுப்பது பழிவாங்கற்கன்று, நும்மைத் திருத்தற்கே, அன்பினாலேயே ஒறுக்கின்றேம்' என்னும் பொருள்பட உரைக்க, அங்கே துன்புறும் ஓருயிர், 'அங்ஙனமாயின் இஃது முன்னையினும் கொடிது' என்று அலறுகின்றது.

இதனைக் கற்குஞ் சைவர் திடுக்கிடுவர். யாங்ஙனமெனின், அவ்வானவர் கூற்று நம் மறக்கருணைக் கொள்கையைப் போன்றிருத்தலின். சிவஞானசித்தியார், சொற்கேளாப் புதல்வரைப் பெற்றோர் அடித்தலையும், மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்த்தலையும் உவமைகாட்டி, நிரயத்துன்பத்தினை மருந்தென்றே கூறுகின்றது. 'இஃது அன்பென்று பெயர்பெற்ற கொடுமையன்றோ?' என அவ்வுயிரோடு சேர்ந்து ஒருவர் வினவின், விடை யாது?

அற்றன்று. வேறுபாடுகள் மூன்றுள. முதலாவது, அக்கதையின் நரகத்திற்கு எல்லை கூறப்படவில்லை; வானவர் வந்தபின்னும் பெயர் மாறியதேயன்றித் துன்பம் மாறவில்லை. சித்தாந்தத்தின் நிரயமோ எல்லையுடையது. வினைப்பயன் தீர்ந்தவழி உயிர் மீண்டும் பிறவியெடுத்து வீட்டுநெறிக்கு வருகின்றது. நோய் நீங்கியபின்னும் கத்தியை எடாதவன் மருத்துவனாகான்.

இரண்டாவது, துறக்கவின்பமும் நம் நூலில் மருந்தே. தீவினையைத் துன்பத்தாற் கழித்தல்போல நல்வினையை இன்பத்தாற் கழிக்கின்றான் இறைவன். துன்பம் ஒன்றையே மருந்தென்று கூறுவான் ஐயுறப்படுவான். இன்ப துன்பம் இரண்டனையும் ஒருநிகராக மருந்தென்பானிடத்து அவ்வையத்திற்கு இடமில்லை.

மூன்றாவது, அக்கதையின் வானவர் ஒறுப்பினைத் தாம் விரும்பாது ஏற்ற புதியவர். உயிர்களின் நோயை முற்றும் உணர்ந்தாரல்லர். இறைவனோ உயிர்க்குயிராய் உடனின்று அறிபவன். நோயறியாதான் கையிலுள்ள கத்தி அச்சந் தருவதே. ஆதலின், அக்கதையின் அலறல் உண்மையானது. அது பழித்தது போலியான மறக்கருணையை. மெய்யான மறக்கருணைக்கு அதனால் இழுக்கில்லை. இவ்வேறுபாட்டினைக் காணச்செய்த அளவில், அக்கதை நமக்கு நன்றே செய்தது.

எம் நாட்டிலேயே இதற்குச் சான்று உளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்த திருக்கோவலூர், அட்டவீரட்டங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் சூலத்தால் அடர்த்த தலம். அந்தகன் என்பதற்குக் குருடன் என்பது பொருள். ஆணவ இருளால் அறிவுக்கண் மறைந்த உயிரினை அவன் குறிப்பன். சூலத்தில் ஏந்தப்பெற்ற அவன் செருக்கு ஒழிந்து, இறைவனை ஏத்தி, சிவகணத்தவருள் ஒருவனாயினான் எனப் புராணம் கூறும். இருள் நீங்கியபின் சூலத்திற்கு வேலையில்லை.

7. கருணாபுரம் உணர்த்துவது

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 2024 ஜூன் திங்களில், மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த கள்ளச்சாராயம் அருந்தி அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றாடங் கூலியுழைப்பால் வாழ்ந்தோர் அவருட் பலர், பெண்டிரும் உளர். மெத்தனால் உடலினுட் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணரம்பினைக் கெடுத்துப் பின் உயிரையும் போக்குவது. கருணையைத் தன் பெயரிலே தாங்கிய ஊருக்கு நேர்ந்த துயர் அது.

இத்தகைய துயர்களை 'எமனாக வந்தது' என்று எழுதுதலும் பேசுதலும் நம் நாட்டு வழக்கு. லாரி எமனாகின்றது, மின்கம்பி எமனாகின்றது, சாராயமும் எமனாகின்றது. ஒரு சொல்லளவே யாயினும், இதுவும் யமனைப்பற்றிய ஒரு புனைகதையே. இதன்கண் மறைவது யாது? நஞ்சினைக் கலந்தவனும், அறிந்தே விற்றவனும், காணாதிருந்தவனும் மறைகின்றனர். அவர் செய்த கொலை, ஆணையின்வழி நிற்கும் ஒரு தெய்வத்தின்மேல் ஏற்றப்படுகின்றது. திரைப்படத்து நகையினும் இவ்வழக்கே கூற்றுவனுக்குப் பெரும்பழி தருவது.

'எல்லாம் அவரவர் வினைப்பயனாயின், விற்றவன் கருவிமாத்திரையே யன்றோ?' எனின், அன்று. கருவிக்கு அறிவும் விருப்பும் இல்லை; விற்றவனுக்கு இரண்டும் உள. பொருளாசையால் அவன் செய்தது அவனுக்கு ஆகாமியமாய் ஏறுவது. இறந்தார் முன்வினை இன்னதென அளத்தற்கு நாம் முதல்வரல்லேம். அதனைக் கூறி அவர் மனைவி மக்களைப் புண்படுத்தல் சிவநிந்தையோடு ஒக்கும். நமக்குரியது இரக்கமும் உதவியுமே.

'விற்றவனை யமன் பார்த்துக்கொள்வான்' என வாளாவிருத்தலும் சைவமன்று. அரசன் குற்றஞ்செய்தாரை ஒறுத்தல் ஈசன் அருள்வழி நிகழ்வதே எனவும், இங்கே ஒறுக்கப்பட்டுத் திருந்தினோர் நிரயம் புகார் எனவும் சிவஞானசித்தியார் கூறுகின்றது. எனவே, நீதிமன்றத்தின் தண்டம் இறந்தார்க்கு முறைசெய்வதோடு, குற்றவாளிக்கும் ஒருவகைக் கருணையாகின்றது. அதனைத் தடுப்பவனும் தாழ்ப்பவனும் அவனை நிரயத்திற்குத் தள்ளுபவராவர்.

8. முடிபு

ஆகவே, வானவரையும் நிரயத்தலைவரையும் புதிதாகப் புனையும் எக்கதை வந்துழியும் மூன்று வினாக்களை எழுப்புக. பதவியிலுள்ள உயிரையும் அதனை ஏவும் முதல்வனையும் இக்கதை ஒன்றெனக் குழப்புகின்றதா? ஒறுத்தலுக்கு எல்லையும் நன்னோக்கும் உண்டென்பதை இது மறைக்கின்றதா? மாந்தர் செய்த தீமையைத் தெய்வத்தின் தலைமேற் கட்டுகின்றதா? இம்மூன்றற்கும் 'இல்லை' என விடைதருங் கதை, யமனை எருமையினின்று வீழ்த்தி நகையாடினும், அதனை அச்சமின்றிக் கற்கலாம். இவற்றுள் ஒன்றற்கேனும் 'ஆம்' என விடைதருவது, யமனைப் பொன்முடி சூட்டிப் போற்றினும், அறிவுடையாராற் கொள்ளத்தக்கதன்று.

கூற்றுவன் கொடியனல்லன். அவனுக்கு இட்ட பணி ஒன்றே. அதனைத் தம் கையிலெடுத்துக்கொண்டு, பிறர் உயிருக்கு விலை கூறி விற்போரே கொடியர். அவரைக் கூற்றுவன் பெயரால் அழையாதிருத்தல், அவனுக்கு நாம் செய்யக் கடவ சிறு நீதியாம்.

சிவம்.